பட்டை தெரிந்தால் போதுமா? ஸ்டாட்1 புரதமும் அதைத் தேடும் ஆன்டிபாடிகளும்

65 மனிதப் புரதங்களுக்கென்று சந்தையில் விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை ஒரே முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 2023இல் ஈலைஃப் இதழில் வெளியானது. சோதனையின் அடிப்படை எளிமையானது. ஒரு செல்லையும், குறிப்பிட்ட மரபணு மட்டும் நீக்கப்பட்ட அதே செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆன்டிபாடி இரண்டிலும் என்ன காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். புரதமே இல்லாத செல்லிலும் அதே பட்டை (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் படத்தில் தெரியும் கோடு) வந்தால், அந்த ஆன்டிபாடி பிடித்திருப்பது வேறெதையோ. இப்படித் தோற்றுப்போன ஆன்டிபாடிகளை நம்பி, ஒரு புரதத்துக்குச் சராசரியாகச் சுமார் 12 ஆய்வுக்கட்டுரைகள் ஏற்கெனவே வெளிவந்திருந்தன. முடிவுகளைப் பார்த்த பிறகு விற்பனை நிறுவனங்கள் பல ஆன்டிபாடிகளின் பயன்பாட்டுக் குறிப்பைத் திருத்தின. சிலவற்றை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன.

ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) என்றாலே குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடிப்பது என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க இவ்வளவு தவறு எங்கிருந்து வருகிறது? பொதுவாகப் பேசினால் இது புரியாது. நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் செய்தி கடத்தும் ஸ்டாட்1 என்ற ஒரு புரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஆன்டிபாடியால் தேடும்போது என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிக்கல்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு புரதத்தில் வந்துவிடுகின்றன.

ஸ்டாட்1 செய்யும் வேலை

நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் என்.கே. செல்களும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்தை வெளியிடுகின்றன. அது இன்னொரு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் அமர்ந்ததும், ஏற்பியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக்1, ஜாக்2 என்ற இரு நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை ஸ்டாட்1இன் 701ஆம் இடத்தில் உள்ள டைரோசின் அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய இரண்டு ஸ்டாட்1 மூலக்கூறுகள் இணை சேர்ந்து செல் கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் அவற்றுக்கென்று உள்ள வரிசைகளில் அமர்ந்து ஐ.ஆர்.எஃப்.1 போன்ற மரபணுக்களை இயக்குகின்றன. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, பீட்டா வந்தால் வேலையைத் தொடங்குவது ஜாக்1உம் டைக்2உம். அப்போது ஸ்டாட்1 கூட்டுச் சேர்வது ஸ்டாட்2, ஐ.ஆர்.எஃப்.9 ஆகியவற்றுடன். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெல் குழுவினர் இந்தப் பாதையை வெளிக்கொண்டு வந்தார்கள்.

ஆன்டிபாடியால் தேடுபவர் இந்தப் புரதத்தைப் பற்றி நான்கு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1. ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்கள் வருகின்றன. ஆல்ஃபா வடிவம் 750 அமினோ அமிலங்கள், எடை ஏறத்தாழ 91 கிலோடால்டன். பீட்டா வடிவம் 712 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ 84 கிலோடால்டன். பீட்டாவில் வால்முனையின் 38 அமினோ அமிலங்கள் கிடையாது. 727ஆம் இடத்துச் செரின், பாஸ்பேட் ஏறும் இன்னொரு முக்கிய இடம். அது இந்த வாலில்தான் இருக்கிறது.

2. டைரோசின் 701இல் ஏறும் பாஸ்பேட் தற்காலிகமானது. பொதுவாக 15 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு கருவுக்குள் இருக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளால் கழற்றப்படுகிறது.

3. ஸ்டாட்1 இயக்கும் மரபணுக்களில் ஸ்டாட்1இன் மரபணுவும் ஒன்று. இன்டர்ஃபெரான் கொடுத்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால் செல்லில் மொத்த ஸ்டாட்1இன் அளவே கூடியிருக்கும்.

4. இதே குடும்பத்தில் இன்னும் ஆறு புரதங்கள் உள்ளன. அவற்றில் ஸ்டாட்3, எடையிலும் பாஸ்பேட் ஏறும் இடத்தின் அமைப்பிலும் ஸ்டாட்1க்கு மிக நெருக்கம். அதில் பாஸ்பேட் ஏறுவது டைரோசின் 705இல்.

ஆன்டிபாடி பிடிப்பது பெயரை அல்ல, ஒரு சிறு பகுதியை

குப்பியின் மேல் “ஸ்டாட்1” என்று எழுதியிருந்தாலும், உள்ளிருக்கும் ஆன்டிபாடிக்குத் தெரிந்தது சில அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சிறு பரப்பு மட்டுமே. இதை எபிடோப் என்கிறோம். அந்தப் பரப்பு வேறொரு புரதத்திலும் ஏறக்குறைய அப்படியே இருந்தால் ஆன்டிபாடி அதையும் பிடிக்கும். ஸ்டாட்1இலேயே அந்தப் பரப்பு உள்ளே மடிந்து மறைந்திருந்தால் பிடிக்காது. புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் எஸ்.டி.எஸ். சோப்பால் விரிக்கப்பட்டு நூல்போல நீண்டு கிடக்கிறது. செல்சாற்றிலிருந்து ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்தெடுக்கும் இம்யூனோபிரெசிபிடேஷனில் மடிந்த நிலையில் இருக்கிறது. செல்லைப் பதப்படுத்திப் பார்க்கும் முறைகளில் ஃபார்மால்டிஹைடு அதைப் பக்கத்துப் புரதங்களோடு பிணைத்துவைத்திருக்கிறது. ஆகவே ஒரு முறையில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி இன்னொன்றில் தோற்பது வியப்பில்லை. “இந்த ஆன்டிபாடி நல்லதா?” என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எந்த முறைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஸ்டாட்1க்கு இதன் நேரடி விளைவு ஒன்று உண்டு. வால்முனையை வைத்துத் தயாரித்த ஆன்டிபாடி பீட்டா வடிவத்தைக் காட்டவே காட்டாது. தலைமுனையை வைத்துத் தயாரித்தது இரண்டையும் காட்டும். டைரோசின் 701 இரண்டு வடிவங்களிலும் இருப்பதால், பாஸ்போ 701 ஆன்டிபாடி (அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிப்பது) இரண்டு பட்டைகளைக் காட்டும். பாஸ்போ 727 ஆன்டிபாடி ஆல்ஃபாவை மட்டும் காட்டும். கீழே தெரியும் 84 கிலோடால்டன் பட்டையை “சிதைந்த புரதம்” என்று ஒதுக்கிவிடுவதும், படத்தை வெட்டும்போது அதைத் தவிர்த்துவிடுவதும் நடக்கிறது. அது சிதைவல்ல, தனி வடிவம். ஆல்ஃபாவும் பீட்டாவும் எல்லா மரபணுக்களையும் ஒரே அளவில் இயக்குவதில்லை என்பதால் அந்தப் பட்டையிலும் தகவல் இருக்கிறது.

பாஸ்பேட்டை அடையாளம் காணும் ஆன்டிபாடி எப்படிக் கிடைக்கிறது? 701ஐச் சுற்றியுள்ள துண்டைப் பாஸ்பேட்டோடு செயற்கையாகத் தயாரித்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். முயலின் ரத்தத்தில் பாஸ்பேட் இல்லாத துண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் கலந்தே வரும். பாஸ்பேட் இல்லாத துண்டு ஒட்டிய பொருள் நிரப்பிய குழாய் வழியே செலுத்தி அவற்றைக் கழிக்க வேண்டும். இந்தக் கழிப்பு அரைகுறையாக இருந்தால், தூண்டாத செல்லிலும் மங்கலாக ஒரு பட்டை தெரியும்.

தயாரிப்பு முறைகளை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலிகுளோனல் என்பது ஒரு விலங்கின் ரத்தத்தில் உள்ள பல ஆன்டிபாடிகளின் கலவை. அடுத்த விலங்கில் அதே கலவை வராது. மோனோகுளோனல் என்பது 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த ஹைப்ரிடோமா முறையில், ஒற்றைச் செல் வழியிலிருந்து வருவது. இது தூய்மையானது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு; ஆனால் 185 ஹைப்ரிடோமாக்களின் ஆன்டிபாடி மரபணு வரிசையைப் படித்துப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், 59இல் கூடுதலான ஆன்டிபாடிச் சங்கிலிகள் உருவாகிக்கொண்டிருந்தன. மூன்றாவது, மரபணு வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி. வரிசை கையில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் அதே மூலக்கூறைத் திரும்பச் செய்யலாம். மேலே சொன்ன 614 ஆன்டிபாடி ஆய்விலும் இந்த வகைதான் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தேறியது. விலை கூடுதல் என்றாலும், பல வருடம் ஓடும் ஆய்வுக்கு இதை வாங்குவதே சரி.

வெஸ்டர்ன் பிளாட்: பாஸ்பேட் தொலையும் இடங்கள்

பாஸ்போ ஸ்டாட்1 பட்டை வரவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் ஆன்டிபாடியைக் குறை சொல்வார்கள். உண்மையில் பாஸ்பேட் அதற்கு வெகு முன்னரே போயிருக்கும். படிப்படியாகப் பார்ப்போம்.

1. தூண்டுதல். மனித இன்டர்ஃபெரான் காமா, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், 37 டிகிரியில் 20 நிமிடம் என்பது ஹீலா, டி.எச்.பி.1 போன்ற ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்களுக்குப் போதுமானது. மனித இன்டர்ஃபெரான் காமா எலிச் செல்லில் வேலை செய்யாது, எலியினுடையது மனிதச் செல்லில் செய்யாது. எந்தப் பட்டையும் வராத பிளாட்டுகளுக்கு இது அடிக்கடி காரணம். இன்டர்ஃபெரானைக் குளிர்ந்த ஊடகத்தில் கலந்து ஊற்றினால் செல்கள் சூடேறவே சில நிமிடம் போய்விடும்.

2. அறுவடை. தட்டை ஐஸின் மேல் வைத்து, ஐஸ் குளிர்ச்சியான உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, அங்கேயே செல்களை உடைக்க வேண்டும். ட்ரிப்சின் போட்டுச் செல்களை எடுத்து, சுழற்றி, பிறகு உடைப்பவர்கள் பாஸ்பட்டேஸ் நொதிகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேலை செய்ய வாய்ப்புக் கொடுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் செல்லை உடைக்க வழக்கமாகப் பயன்படும் ரிப்பா கரைசலைத் தவிர்த்து, கொதிசூடான எஸ்.டி.எஸ். சாம்பிள் பஃபரை நேரே தட்டில் ஊற்றலாம். நொதிகள் அந்த நொடியே செயலிழக்கும். டி.என்.ஏ.வால் கரைசல் கொழகொழப்பாகும். சிறிது சோனிகேஷன் செய்தால் சரியாகிவிடும். இந்த முறையில் புரத அளவைச் சாதாரணச் சாயமுறைகளால் அளக்க முடியாது என்பது மட்டும்தான் இதன் குறை.

3. சோடியம் ஆர்த்தோவனடேட். டைரோசின் பாஸ்பட்டேஸ்களைத் தடுப்பது இதுதான். கடைசி அளவு 1 மில்லிமோலார். அப்படியே கரைத்தால் போதாது. 200 மில்லிமோலார் கரைசலைப் பி.எச். 10க்குக் கொண்டுவரும்போது அது மஞ்சளாக மாறும். பல வனடேட்டுகள் ஒன்றுசேர்ந்து கொத்தாகிவிட்டதன் நிறம் அது. அந்தக் கொத்து நொதியைச் சரியாகத் தடுக்காது. நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பி.எச்.ஐ மறுபடி 10க்குச் சரிசெய்து, நிறம் திரும்ப வராத நிலைக்கு வரும்வரை இதைத் தொடர வேண்டும். பிறகு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைக்கலாம். கரைசலில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ.வோ ஒடுக்கியான டி.டி.டி.யோ அதிகம் இருந்தால் வனடேட்டின் பலன் போய்விடும். செரின் 727ஐயும் பார்ப்பதென்றால் 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் தேவை.

4. ஜெல். 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், 7.5 அல்லது 8 விழுக்காடு ஜெல். 4 முதல் 20 வரையான கிரேடியன்ட் ஜெல்லைக் குறைந்த நேரம் ஓட்டினால் 91உம் 84உம் ஒரே தடித்த பட்டையாகத் தெரியும்.

5. தடுப்பும் ஊறவைப்பும். பாஸ்போ ஆன்டிபாடியை 5 விழுக்காடு பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) கலந்த டி.பி.எஸ்.டி. உப்புக் கரைசலில், பெரும்பாலும் 1:1000 அளவில், 4 டிகிரியில் இரவு முழுவதும் வைப்பது வழக்கம். பால்பொடியில் உள்ள கேசீனே பாஸ்பேட் தாங்கிய புரதம். பின்னணி கூடவும், சில ஆன்டிபாடிகளில் சிக்னல் குறையவும் அது காரணமாகலாம். ஆனால் எல்லா ஆன்டிபாடிக்கும் பால் ஆகாது என்பது மிகை. இரண்டிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவுசெய்வதே நல்லது. பயன்படுத்திய முதல் ஆன்டிபாடிக் கரைசலைச் சோடியம் அசைடு போட்டுச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது பல இடங்களில் உள்ள பழக்கம். அசைடு, இரண்டாவது ஆன்டிபாடியில் ஒட்டியிருந்து பட்டையைக் காட்டும் எச்.ஆர்.பி. நொதியை முடக்கும். இரண்டாவது ஆன்டிபாடியின் கரைசலில் அது சேரக்கூடாது, முதலாவதை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

6. மொத்த ஸ்டாட்1. பாஸ்போ ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு அதே மெம்பிரேனில் மொத்த ஸ்டாட்1ஐப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு: கழற்றல் முழுமையாக இல்லாவிட்டால் முதல் பட்டையையே இரண்டாவது என்று எண்ணிவிடுவோம். இரண்டும் ஒரே எடையில் இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முயலில் தயாரித்த பாஸ்போ ஆன்டிபாடியையும் எலியில் தயாரித்த மொத்த ஆன்டிபாடியையும் இருவேறு ஒளிர்நிறத்தில் ஒரே சமயத்தில் பார்க்கலாம். அந்த வசதி இல்லையென்றால் ஒரே சாம்பிளை இரண்டு ஜெல்லில் ஓட்டுவது மேல்.

எந்தக் கட்டுப்பாடு எதை நிரூபிக்கிறது

கட்டுப்பாட்டுச் சாம்பிள்கள் (முடிவை ஒப்பிட்டுச் சரிபார்க்க வைப்பவை) வைத்திருப்பார்கள். ஆனால் அவை சொல்லாத ஒன்றை அவற்றின் மேல் ஏற்றிவிடுவார்கள். பாஸ்போ ஸ்டாட்1க்கு நான்கு கட்டுப்பாடுகள் வழக்கத்தில் உள்ளன.

1. தூண்டாத செல், தூண்டிய செல். பட்டை தூண்டலால் வருகிறது என்று மட்டும் காட்டும்.

2. ஜாக் தடுப்பு மருந்து. ருக்சோலிடினிப் 1 மைக்ரோமோலார் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்தால் பட்டை மறைய வேண்டும். அந்தப் பட்டை ஜாக் நொதிகள் வழியே வருகிறது என்பதற்கு இது ஆதாரம்.

3. லாம்டா பாஸ்பட்டேஸ். செல்சாற்றை மாங்கனீசு சேர்த்த பஃபரில் 30 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் பாஸ்பேட் கழன்று பட்டை போய்விடும். வனடேட்டும் ஈ.டி.டி.ஏ.வும் உள்ள சாற்றில் இதைச் செய்தால் பாஸ்பட்டேஸே முடங்கிப் பட்டை அப்படியே நிற்கும். தடுப்பான்கள் இல்லாமல் தனியாக ஒரு சாம்பிள் எடுத்துவைக்க வேண்டும்.

4. ஸ்டாட்1 இல்லாத செல்.

முதல் மூன்றையும் ஸ்டாட்3ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியாலும் தாண்டிவிட முடியும். இன்டர்ஃபெரான் பல செல்களில் ஸ்டாட்3இலும் ஓரளவு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைத் தடுப்பதும் அதே மருந்துதான். அதன் பாஸ்பேட்டைக் கழற்றுவதும் அதே நொதிதான். ஜெல்லில் அது நிற்பதும் அதே அக்கம்பக்கத்தில்தான். இன்டர்லூகின் 6 என்ற இன்னொரு செய்திப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாமே என்று தோன்றும். அது ஸ்டாட்3ஐ வலுவாகத் தூண்டினாலும் ஸ்டாட்1ஐயும் கொஞ்சம் தூண்டும் என்பதால் முடிவு தெளிவாக இராது. “இது ஸ்டாட்1தான்” என்று சொல்லும் உரிமையை நான்காவது கட்டுப்பாடு மட்டுமே தருகிறது.

நல்வாய்ப்பாக, ஸ்டாட்1க்கு அந்தச் செல் ஆராய்ச்சி உலகில் நெடுங்காலமாக இருக்கிறது. யூ3ஏ என்ற மனித ஃபைப்ரோசார்கோமா செல்வழியில் ஸ்டாட்1 கிடையாது. இன்டர்ஃபெரான் பாதையைப் பிரித்தறிய உதவிய செல்களில் அதுவும் ஒன்று. இன்று கிரிஸ்பர் முறையில் மரபணு நீக்கிய செல்களை விலைக்கே வாங்கலாம். இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் சிறு ஆர்.என்.ஏ. கொண்டு அளவைக் குறைக்கலாம். ஸ்டாட்1 எளிதில் அழியாத புரதம் என்பதால் 72 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அப்போதும் மிச்சம் இருக்கும். பட்டை மங்கினால் நம்பிக்கை கூடும், மங்காவிட்டால் ஆன்டிபாடி தவறு என்று உடனே முடிவுகட்ட முடியாது.

விகிதம் ஏமாற்றும் இடம்

பாஸ்போ பட்டையின் அடர்த்தியை மொத்த ஸ்டாட்1இன் அடர்த்தியால் வகுத்து ஒரு எண்ணைப் போடுவது கட்டுரைகளில் வழக்கம். இருபது நிமிடச் சோதனைக்கு இது சரி. ஒரு நாள் இன்டர்ஃபெரானில் இருந்த செல்லில் மொத்த ஸ்டாட்1 நான்கு மடங்கும், பாஸ்போ ஸ்டாட்1 இரண்டு மடங்கும் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் பாதியாகிவிட்டது என்று கணக்குச் சொல்லும். கருவுக்குள் போகும் மூலக்கூறுகளோ இரட்டிப்பாகியிருக்கின்றன. ஜாக் நொதியின் திறன் பற்றிய கேள்வியென்றால் முதல் எண். மரபணுக்கள் எவ்வளவு இயங்கும் என்ற கேள்வியென்றால் இரண்டாவது. விகிதத்தை மட்டும் அச்சிட்டு, மூல எண்களை மறைத்தால் படிப்பவர் எதையும் தீர்மானிக்க முடியாது.

இது தாளில் மட்டும் நடக்கும் குழப்பம் அல்ல. ஸ்டாட்1 அளவுக்கு மீறி இயங்கும் பிறவி மரபணு மாற்றம் 2011இல் கண்டறியப்பட்டது. வாயிலும் தோலிலும் நகத்திலும் கேன்டிடா பூஞ்சைத் தொற்று தீராமல் தொடர்வது அதன் முக்கிய அடையாளம். பாஸ்பேட் கழற்றப்படாமல் தங்கிவிடுவதே காரணம் என்று தொடக்கத்தில் விளக்கப்பட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளின் செல்லில் பாஸ்பேட் இயல்பான வேகத்தில் கழல்கிறது என்றும், மொத்த ஸ்டாட்1 அதிகமாக இருப்பதே பாஸ்போ சிக்னல் உயரக் காரணம் என்றும் காட்டியது. மொத்தப் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் பாஸ்போவோடு சேர்த்து அளந்ததால்தான் இந்த வேறுபாடு வெளிப்பட்டது.

நோயாளியின் ரத்தத்தில்: ஃப்ளோ சைட்டோமெட்ரி

மருத்துவமனை ஆய்வகத்தில் இந்தச் சோதனை, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வழியே நடக்கிறது. எதிர்ப்பக்க நோயும் உண்டு: ஸ்டாட்1 போதிய அளவு இயங்காத குழந்தைகளுக்குக் காசநோய்க் கிருமியின் வலுவிழந்த உறவுகளே ஆபத்தாகும். பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடும் இந்தியாவில், ஊசியின் கிருமியே உடலெங்கும் பரவிய குழந்தையிடம் இந்தப் பாதையைச் சோதிக்க வேண்டிவரும். அங்கே தவறான எண்ணுக்கு விலை அதிகம்.

நடைமுறை இது. ரத்தத்தை இன்டர்ஃபெரான் காமாவுடன் 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, உடனே ஃபார்மால்டிஹைடு கலந்த கரைசலால் செல்களைப் பதப்படுத்திச் சிவப்பணுக்களை உடைக்க வேண்டும். பிறகு ஐஸ் குளிர்ச்சியான 90 விழுக்காடு மெத்தனால், 30 நிமிடம். டைரோசின் 701ஐச் சுற்றியுள்ள பகுதி, இணை சேர்ந்த ஸ்டாட்1இல் மறைந்திருக்கும். மெத்தனால் புரதத்தை விரித்து அதை வெளியே கொண்டுவருகிறது. செல் சவ்வில் துளையிடும் மென்மையான சபோனினை மட்டும் பயன்படுத்தினால் சிக்னல் மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் அதே மெத்தனால் பி.ஈ. போன்ற புரதச் சாயங்களை அழித்துவிடும். மேற்பரப்பு அடையாளங்களை முன்பே சாயமேற்றுவதானால் மெத்தனாலைத் தாங்கும் சிறு மூலக்கூறுச் சாயங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில்தான் பதில் மிகத் தெளிவாகத் தெரியும். பொறியும் அங்கேதான். அவற்றின் மேல் உள்ள சி.டி.64 என்ற ஏற்பி ஆன்டிபாடிகளின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், குறிப்பாக எலியின் ஐஜிஜி2ஏ வகையை. இந்த ஏற்பியின் அளவைக் கூட்டுவதும் இன்டர்ஃபெரான் காமாதான். கடும் தொற்றோடு வரும் நோயாளியின் மோனோசைட்டில் சி.டி.64 ஏற்கெனவே உயர்ந்திருக்கும். பாஸ்பேட்டே இல்லாமல் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டு, “பாதை எப்போதும் இயங்குகிறது” என்ற தோற்றத்தைத் தரும். எஃப்.சி. தடுப்பான் (அந்த ஏற்பியை அடைத்துவைப்பது), ஸ்டாட்1ஐப் பிடிக்காத அதே வகை ஐசோடைப் ஆன்டிபாடி, தூண்டாத சாம்பிள், அதே நாளில் எடுத்த நலமான ஒருவரின் ரத்தம் ஆகிய நான்கும் இல்லாமல் இந்த முடிவைக் கையெழுத்திட்டு அனுப்பக் கூடாது.

வாங்கும்போதும் எழுதும்போதும்

விற்பனைப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மரபணு நீக்கிய செல்லின் முடிவு காட்டப்பட்டிருக்கிறதா, அது நாம் செய்யப்போகும் அதே முறையில் காட்டப்பட்டிருக்கிறதா என்பது. எத்தனை கட்டுரைகளில் பயன்பட்டது என்ற எண்ணிக்கை தரச்சான்று ஆகாது. தேறாத ஆன்டிபாடிகளுக்கும் அப்படி எண்ணிக்கை இருந்ததைத்தான் மேலே பார்த்தோம். அடுத்து, எந்தப் பகுதியை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்ற விவரம். அது தரப்படவில்லை என்றால் எழுதிக் கேட்கலாம். ஆல்ஃபா, பீட்டா கேள்விக்கு அது இல்லாமல் விடை கிடையாது. புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போது பழைய குப்பி தீருவதற்கு முன்பே, உறையவைத்த ஒரே செல்சாற்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பாலிகுளோனல் என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

கட்டுரையில் “ஸ்டாட்1 ஆன்டிபாடி பயன்படுத்தினோம்” என்ற ஒரு வரி யாருக்கும் உதவாது. நிறுவனம், பட்டியல் எண், குளோன் பெயர், லாட் எண், ஆய்வுப் பொருள்களுக்கான ஆர்.ஆர்.ஐ.டி. அடையாள எண், நீர்த்தல் அளவு, எதில் நீர்த்தது, தூண்டிய மருந்தின் அளவும் நிமிடமும் ஆகியவை வேண்டும். கூடவே வெட்டப்படாத முழு பிளாட் படம், எடைக் குறிகளோடும், ஸ்டாட்1 இல்லாத செல்லின் ஜெல் தடத்தோடும்.